பொருளைத் தேடுவதா, பதில் சொல்வதா? இருத்தலியலுக்கு ஓர் அறிமுகம்

இருத்தலியல் என்பது வாழ்க்கைக்கு அர்த்தமே கிடையாது என்று சொல்லும் தத்துவம்தானே, அப்படியிருக்க அர்த்தத்தைத் தேடுவதில் என்ன பயன், புதிதாகப் படிக்க வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியில் ஒரு திருத்தம் செய்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைத்துவிடும். பிறப்பதற்கு முன்பே நமக்காக எழுதி வைக்கப்பட்ட அர்த்தம் எதுவும் கிடையாது என்று இருத்தலியலாளர்களில் சிலர் சொன்னார்கள். எல்லோரும் அதைக்கூடச் சொல்லவில்லை. எதற்கும் அர்த்தமில்லை, ஆகவே எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்பது நிகிலிசம் எனப்படும் வேறொரு நிலைப்பாடு. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே முதல் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு வரை இந்த மரபில் வைத்துப் பேசப்படும் பலர், அந்த நிலைப்பாடு தங்கள் காலத்தின் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு, அதற்குள் விழுந்துவிடாமல் வாழ்வது எப்படி என்று யோசித்தவர்கள். நோயைப் பற்றி எழுதிய மருத்துவரையே நோயாளி என்று எண்ணிவிடும் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு தடையையும் ஓர் உதவியையும் சேர்த்தே தருகிறது. 'பொருள்' என்ற சொல் அர்த்தத்தையும் குறிக்கும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பண்டத்தையும் குறிக்கும். 'வாழ்க்கையின் பொருளைத் தேடுகிறேன்' என்று சொல்லும்போது, தவறவிட்ட சாவியைப் போல அது எங்கோ ஓரிடத்தில் கிடக்கிறது, சரியான மூலையில் கைவிட்டால் அகப்பட்டுவிடும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே உள்ளே வந்துவிடுகிறது. இது தடை. உதவி 'இருத்தல்' என்ற சொல்லில் இருக்கிறது. 'இரு' என்பது ஏவலாகவும் வரும்: 'கொஞ்சம் இரு', 'பத்திரமாக இரு', 'மனிதனாக இரு'. கல்லைப் பார்த்து யாரும் அப்படி ஏவுவதில்லை. கல் ஏற்கெனவே முழுமையாகக் கல்லாக இருக்கிறது, அதனிடம் கேட்டுப் பெற வேண்டியது ஒன்றுமில்லை. மனிதனிடம்தான் 'இரு' என்று சொல்ல முடிகிறது, ஏனென்றால் அவன் இருக்கும் விதம் இன்னும் முடிவாகவில்லை. அதை அவன்தான் செய்தாக வேண்டும். ஒரு பண்டம் உள்ளது என்பதற்கும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், இந்தத் துறையின் கனத்த நூல்களில் பாதி புரிந்த மாதிரிதான்.

இருத்தலியலை ஒரு சிந்தனைப் பள்ளி என்று அழைப்பதுகூட அவ்வளவு பொருத்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தத்துவவாதிகளான கீர்க்கெகார்டும் நீட்சேயும் இந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். 1940களில் பிரெஞ்சுத் தத்துவவாதி காப்ரியேல் மார்செல், தம் நாட்டுத் தத்துவவாதியான சார்த்தரைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சார்த்தர் முதலில் அதை விரும்பவில்லை, பிறகு ஏற்றுக்கொண்டார். மார்செலோ பின்னாளில் தம்மேல் ஒட்டிக்கொண்ட அதே பெயரை உதற முயன்றார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரும் காம்யுவும் தங்களை அப்படி அழைப்பதை வெளிப்படையாகவே மறுத்தார்கள். கீர்க்கெகார்டும் மார்செலும் கிறிஸ்தவ நம்பிக்கையாளர்கள், சார்த்தர் நாத்திகர். இப்படி ஒருவருக்கொருவர் முரண்பட்டவர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது ஒரு கேள்விதான்: 'நான் எப்படி வாழ்வது?' என்பதற்கு, அதிலுள்ள 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்பதில் இவர்கள் அனைவரும் ஒன்றுபடுகிறார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் கீர்க்கெகார்ட், 1835ஆம் ஆண்டில், 22 வயதில், தமக்கு உண்மையாக இருக்கக்கூடிய ஓர் உண்மையை, எதற்காகத் தம்மால் வாழவும் சாகவும் முடியுமோ அந்த எண்ணத்தைக் கண்டடைய வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். அன்றைக்குச் செல்வாக்கோடு இருந்த ஜெர்மன் சிந்தனையாளர் ஹெகலின் தத்துவம் உலக வரலாறு முழுவதையும் ஒரே அமைப்புக்குள் விளக்கிவிட முனைந்தது. இப்படிப் பெரிய மாளிகையைக் கட்டும் சிந்தனையாளர் அதில் குடியிருப்பதில்லை, பக்கத்தில் ஒரு கொட்டகையில்தான் வசிக்கிறார் என்று கீர்க்கெகார்ட் கேலி செய்தார். எல்லாவற்றையும் விளக்கும் அமைப்பு, நாளை காலை நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் விளக்காமல் விட்டுவிடுகிறது என்பதே அந்தக் கேலியின் உட்பொருள். 1844இல் பதற்றத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் இன்றும் பயன்படும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பயத்துக்கு ஓர் இலக்கு உண்டு: நாய், நெருப்பு, கடன்காரர். பதற்றத்துக்கு அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆழமான பள்ளத்தை எட்டிப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றுகிறது என்றால், அதற்குப் பள்ளம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் பார்க்கிற கண்ணும்தான் என்கிறார் அவர். பதற்றம் என்பது சுதந்திரத்தின் தலைச்சுற்றல். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து சார்த்தர் இதே விளிம்பில் வந்து நின்று, விழுந்துவிடுவேனோ என்பது பயம், குதித்துவிடுவேனோ என்பது பதற்றம் என்று இன்னும் கூர்மையாக்கினார்.

நீட்சேயின் 'கடவுள் இறந்துவிட்டார்' என்ற வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். அது வருகிற காட்சி அவ்வளவாகத் தெரிவதில்லை. 1882இல் வெளியான நூலில், பட்டப்பகலில் விளக்கை ஏற்றிக்கொண்டு ஒரு பித்தன் சந்தைக்கு ஓடிவருகிறான். 'கடவுளைத் தேடுகிறேன்' என்று கத்துகிறான். அங்கே கூடியிருப்பவர்களில் பலர் ஏற்கெனவே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், கடவுள் குழந்தையைப் போல வழிதவறிவிட்டாரா என்று கிண்டல் செய்கிறார்கள். நாம்தான் அவரைக் கொன்றோம் என்று பித்தன் சொல்வது பக்தர்களிடம் அல்ல, இந்தச் சிரிக்கும் நாத்திகர்களிடம். கடவுளைக் கைவிட்டவர்கள், அவர்மேல் ஊன்றியிருந்த நன்மை தீமை, நோக்கம், மனித மாண்பு எல்லாம் வழக்கம்போலவே நிற்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அடித்தளத்தை எடுத்த பிறகும் மாடி அந்தரத்தில் நிற்கும் என்ற அந்த அலட்சியமே நீட்சேயைக் கலங்கச் செய்தது. பித்தன் விளக்கைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு, நான் சீக்கிரமே வந்துவிட்டேன் என்கிறான். வெற்றி முழக்கமாக மேற்கோள் காட்டப்படும் அந்த வாக்கியம் உண்மையில் ஓர் எச்சரிக்கை.

ஹைடெகரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவருடைய மொழி தொடக்கநிலை வாசகரைத் துன்புறுத்தும். 1927இல் வெளியான 'இருத்தலும் காலமும்' நூலில் அவர் சொல்லும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதற்கு ஈடான சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது: 'நாலு பேர்'. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?', 'நாலு பேரைப் போல இருக்க வேண்டாமா?' என்று நாம் சொல்லும் அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் யாரும் பெயர் சொல்ல முடியாது. ஆனால் எதைப் படிப்பது, எப்போது மணம் செய்வது, எதற்கு வெட்கப்படுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது அவர்கள்தான். முகமில்லாத இந்தப் பொதுமையில் கரைந்து வாழ்வதே நம் அன்றாட நிலை என்றும், என் சாவை எனக்காக வேறொருவர் சாக முடியாது என்ற அறிவே அதிலிருந்து நம்மைத் தனியே பிரித்து எடுக்கிறது என்றும் ஹைடெகர் விளக்கினார். இதே மனிதர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தனக்கு உண்மையாக இருப்பது என்ற இலட்சியம், எதற்கு உண்மையாக இருப்பது என்ற கேள்வி இல்லாமல் தனியே நிற்க முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. அதே காலத்தில் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான கார்ல் யாஸ்பர்ஸ், தம் மனைவி யூதர் என்பதனால் 1937இல் பேராசிரியர் பதவியை இழந்தார். சாவு, துன்பம், போராட்டம், குற்றவுணர்வு போன்ற தப்பிக்க முடியாத நிலைகளை 'எல்லைச் சூழல்கள்' என்று அழைத்து, அங்கேதான் மனிதன் தன்னை அறிகிறான் என்று எழுதியவர் அவர்.

இனி சார்த்தர். போர் முடிந்த சில மாதங்களில், 1945 அக்டோபர் 29 அன்று, பாரிஸில் ஓர் அரங்கில் நெருக்கியடித்த கூட்டத்துக்கு நடுவே அவர் நிகழ்த்திய சொற்பொழிவில்தான் இருத்தலியலின் மிகப் பிரபலமான விளக்கம் இருக்கிறது. காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதைச் செய்தவர் மனதில் அது எதற்கு என்ற எண்ணம் முதலில் இருந்தது, பிறகுதான் கத்தி வந்தது. பண்டங்களில் சாரம், அதாவது அது இன்னது, இதற்கானது என்பது, முந்தியது; இருத்தல் பிந்தியது. மனிதனை அப்படி வடிவமைத்த கைவினைஞர் யாரும் இல்லையென்றால், அவன் முதலில் இருக்கிறான், பிறகு தன் செயல்களால் தன்னை இன்னாரென்று ஆக்கிக்கொள்கிறான். 'இருத்தல் சாரத்துக்கு முந்தியது' என்ற சூத்திரத்தின் முழு உள்ளடக்கமும் இவ்வளவுதான். இதில் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை என்பதை அவரே அழுத்திச் சொன்னார்; மனிதன் சுதந்திரமாக இருக்கும்படி விதிக்கப்பட்டிருக்கிறான் என்பது அவர் வாக்கு.

அதே உரையில் அவர் சொன்ன மாணவரின் கதை, சூத்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். அண்ணன் 1940இல் நடந்த ஜெர்மானியத் தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். தந்தையிடமிருந்து விலகியிருந்த தாய்க்கு மிஞ்சிய ஒரே ஆதரவு இந்த மகன்தான். இங்கிலாந்துக்குப் போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? அயலாரை நேசி என்கிறது மதம், ஆனால் இங்கே அயலார் யார், தாயா, களத்தில் நிற்கும் தோழர்களா? மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறது ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காந்தின் அறவியல். எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கத்தில் உள்ளவர் கருவியாகிவிடுகிறார். யாரிடமாவது யோசனை கேட்கலாம் என்றால், எந்தப் பாதிரியாரிடம் போகிறோம் என்பதிலேயே எந்தப் பதில் வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்பதுதான் சார்த்தர் அவருக்குச் சொன்ன பதில். முதல் முறை படித்தபோது இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகவே எனக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியது ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில். என் தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை என் கையில் கொடுத்த மருத்துவர், செய்தால் உள்ள ஆபத்தையும் செய்யாவிட்டால் உள்ள ஆபத்தையும் பொறுமையாக விளக்கிவிட்டு, 'முடிவு நீங்கதான் எடுக்கணும்' என்று சொல்லி அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். படிவம் ஓர் அட்டையில் செருகப்பட்டிருந்தது. பேனாவை அந்த அட்டையோடு நூலால் கட்டியிருந்தார்கள், நூல் குட்டையாக இருந்ததால் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத முடியும். நான் வெளியே வந்து அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். சித்தப்பாவை அழைக்கவில்லை. அத்தை 'தைரியமா கையெழுத்துப் போடுப்பா' என்பார் என்பதும், சித்தப்பா 'இந்த வயசுல அவரை எதுக்குப் படுத்தணும்' என்பார் என்பதும் எண்ணை அழுத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. யோசனை கேட்பதாக நினைத்துக்கொண்டு, என் முடிவை வேறொருவர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாணவருக்கும் சார்த்தரிடம் வருவதற்கு முன்பே அப்படி ஏதோ தெரிந்திருக்க வேண்டும். சார்த்தரின் பதில் கைவிடல் இல்லை என்பதும், வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அது அந்த இளைஞரின் முடிவைத் திருடியதாக இருந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இப்படி நம் முடிவை வேறு எங்காவது ஒளித்து வைப்பதற்கு சார்த்தர் தந்த பெயரைத் தமிழில் 'தன்னேமாற்று' எனலாம். 1943இல் வந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் அவர் காட்டும் உதாரணம் ஓர் உணவகப் பணியாளர். அவருடைய அசைவுகள் சற்று அதிகமாகவே துல்லியமாக இருக்கின்றன, வாடிக்கையாளரை நோக்கிச் சற்று அதிக ஆர்வத்தோடு குனிகிறார், கழைக்கூத்தாடியைப் போலத் தட்டைத் தடுமாற விட்டுத் தடுமாற விட்டு நிமிர்த்துகிறார். அவர் பணியாளராக இருப்பதை விளையாடிக் காட்டுகிறார். மேசை மேசையாக இருப்பது போலத் தாமும் முழுக்க முழுக்கப் பணியாளராகவே இருந்துவிட முயல்கிறார். 'நான் இப்படித்தான், என் சுபாவம் அது' என்று நாம் சொல்லும்போதெல்லாம் இந்த வேலையைத்தான் செய்கிறோம். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: செய்த செயல்களையெல்லாம் 'அது உண்மையான நான் இல்லை' என்று கழற்றி வைப்பதும் தன்னேமாற்றே. ஆனால் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பணியாளருக்காக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அப்படி விறைப்பாக நடக்காவிட்டால் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மேசையில் அமர்ந்து அவரைக் கவனித்துக்கொண்டிருந்த தத்துவவாதிக்கு அந்த நெருக்கடி இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தி பொவார் என்பது என் கருத்து. அவரைச் சார்த்தரின் துணையாக மட்டும் அறிமுகப்படுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. தத்துவரீதியாகப் பார்த்தால் சார்த்தர் தடுமாறிய இடத்தில் நிதானமாக நின்றவர் அவர். சுதந்திரம் வெற்றிடத்தில் இயங்குவதில்லை, ஒரு சூழ்நிலைக்குள் இயங்குகிறது. எட்டிப் பார்க்கச் சாளரமே இல்லாத அறையில் வளர்க்கப்பட்டவரிடம் போய் 'நீ ஏன் வெளியே போகவில்லை?' என்று கேட்பது அநியாயம். 1947இல் எழுதிய அறவியல் நூலில், என் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன் என்றால் மற்றவரின் சுதந்திரத்தையும் விரும்பியே ஆக வேண்டும் என்று வாதிட்டார். 1949இல் வெளியான 'இரண்டாம் பாலினம்' நூலில், பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறோம் என்று அவர் எழுதியபோது, இருத்தல் சாரத்துக்கு முந்தியது என்ற சூத்திரம் முதன்முறையாகத் தரையில் இறங்கியது: பெண்ணின் 'சாரம்' என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டதெல்லாம் சமூகம் அவள்மேல் ஏற்றி வைத்தது என்று அவர் ஏராளமான சான்றுகளோடு காட்டினார். சார்த்தரும் பிற்காலத்தில், எந்தச் சூழ்நிலையிலும் மனிதன் துரோகியாவதா இல்லையா என்பதைத் தேர்ந்தெடுக்கச் சுதந்திரமானவன் என்று தாம் முன்பு எழுதியதைத் திரும்பப் படித்து, இதை நான் உண்மையிலேயே நம்பியிருக்கிறேனே என்று வியந்துகொண்டார்.

காம்யுவுக்கு வருவோம். 1942இல் 'அந்நியன்' நாவலும் 'சிசிபஸின் தொன்மம்' என்ற கட்டுரை நூலும் வெளியாயின. 'அபத்தம்' என்ற சொல்லை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகம் அபத்தமானது என்று அவர் சொல்லவில்லை, மனிதன் அபத்தமானவன் என்றும் சொல்லவில்லை. மனிதன் காரணம் கேட்கிறான், உலகம் மௌனமாக இருக்கிறது; கேள்வியும் மௌனமும் மோதும் இடத்தில்தான் அபத்தம் பிறக்கிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது இல்லை. ஆகவே அதிலிருந்து தப்ப இரண்டு குறுக்குவழிகள் உண்டு: கேட்பவனை அழித்துவிடுவது, அல்லது மௌனத்துக்குப் பின்னால் ஒரு பதில் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டு நம்பிக்கையில் தாவிவிடுவது. முதலாவது தற்கொலை, இரண்டாவதைத் தத்துவத் தற்கொலை என்று அழைத்து, கீர்க்கெகார்டின்மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்தினார். இரண்டையும் மறுத்துவிட்டு, மோதலை மோதலாகவே வைத்துக்கொண்டு வாழ்வதைக் கிளர்ச்சி என்றார். பாறையை உச்சிக்கு உருட்டி, அது மீண்டும் உருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராணப் பாத்திரமான சிசிபஸிடம் காம்யு கவனிப்பது பாறையை உருட்டும் நேரத்தை அல்ல, வெறுங்கையோடு மலையிலிருந்து இறங்கி நடக்கும் நேரத்தை. அந்த நடையில் அவன் தன் நிலையை முழுதாக அறிந்திருக்கிறான். சிசிபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாகத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நூல் முடிகிறது. இந்த முடிவு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. சிசிபஸ் தனியாள், அவன் பாறை யார்மேலும் விழுவதில்லை, அவனுக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. 1947இல் வந்த 'கொள்ளைநோய்' நாவலில் காம்யுவே இந்தத் தனிமையைக் கடந்துவிடுகிறார். வெல்ல முடியுமென்ற உறுதி ஏதுமின்றி நோயோடு மல்லுக்கட்டும் மருத்துவர் ரியூ, நேர்மை என்றால் என்ன என்று கேட்கப்படும்போது, என்னைப் பொறுத்தவரை என் வேலையைச் செய்வது என்று பதில் சொல்கிறார். சிசிபஸைவிட இந்த மருத்துவரை எனக்கு எளிதில் நம்ப முடிகிறது.

அர்த்தத்தின் தேடலைப் பற்றிக் கேட்டதனால் விக்டர் ஃபிராங்க்லைச் சொல்லாமல் இருக்க முடியாது, அவரைத் தத்துவவாதிகளின் வரிசையில் சேர்ப்பதா என்ற விவாதம் இருந்தாலும். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவரான அவர் 1942இல் நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டு, ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களைக் கடந்து 1945இல் விடுதலையானார். பெற்றோரையும் மனைவியையும் இழந்திருந்தார். அடுத்த ஆண்டே வெளியான அவருடைய அனுபவ நூல் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. அர்த்தத்தை நாம் உருவாக்குகிறோம் என்ற சார்த்தரின் நிலைப்பாட்டை அவர் ஏற்கவில்லை; அர்த்தம் கண்டறியப்படுவது என்றார். ஆனால் அவர் சொல்லும் கண்டறிதல், தொலைந்த சாவியைக் கண்டெடுப்பது போன்றதல்ல. வாழ்க்கையிடமிருந்து நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வாழ்க்கை நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்பவர்கள் நாம் இல்லை, கேட்கப்படுபவர்கள் என்பது அவருடைய திருப்பம். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகளாகியும் துயரத்திலிருந்து மீள முடியாத முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தபோது, நீங்கள் முதலில் இறந்திருந்தால் உங்கள் மனைவி என்ன ஆகியிருப்பார் என்று மட்டும் ஃபிராங்க்ல் கேட்டார். அவள் மிகவும் துன்பப்பட்டிருப்பாள் என்றார் வந்தவர். அந்தத் துன்பத்தை அவருக்கு இல்லாமல் செய்தவர் நீங்கள், அதற்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் ஃபிராங்க்ல். முதியவர் அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். இழப்பு அப்படியேதான் இருந்தது, துயரமும் இருந்தது. துயரம் எதற்குப் பதிலாக நிற்கிறது என்பது மட்டும் தெரியவந்தது.

ஃபிராங்க்லின் பெயரில் இன்று ஒரு தவறான பாடமும் நடத்தப்படுகிறது: அர்த்தம் இருந்தவர்கள் பிழைத்தார்கள், இல்லாதவர்கள் மாண்டார்கள் என்று. முகாமில் பசியும் நச்சுவாயுவும் யாருடைய மனவலிமையையும் விசாரித்துவிட்டு வரவில்லை. எங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று அவரே அந்த நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். ஊக்கப் பேச்சாளர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு தடுமாற்றத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் பலர் அதில் சிக்குவதைப் பார்க்கிறேன். பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து நாம் செய்த எதுவும் மிஞ்சப்போவதில்லை, ஆகவே இப்போது செய்வதற்கும் அர்த்தமில்லை என்பது அந்த வாதம். 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் எழுதிய கட்டுரையில் இதற்கு எளிமையான பதில் இருக்கிறது. இன்று நாம் செய்வது பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து ஒரு பொருட்டாக இராது என்றால், பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து நடப்பதும் அதே காரணத்தால் இன்று ஒரு பொருட்டாக வேண்டியதில்லை. பல்வலிக்காரருக்கு அந்த வலி பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிட்டுச் சிறியதாகிவிடுவதில்லை. அவருடைய பல்லைப் பிடுங்குபவரின் வேலைக்கும் பிரபஞ்சத்தின் சான்றிதழ் தேவையில்லை.

ஆக, அர்த்தம் உருவாக்கப்படுவதா, கண்டறியப்படுவதா? இரண்டு சொற்களுமே எனக்குச் சற்று இறுக்கமாகப் படுகின்றன. முழுக்க நானே உருவாக்குவது என்றால், காலையில் உருவாக்கியதை மாலையில் கலைத்துவிடலாம். அப்படிக் கலைக்கக்கூடிய ஒன்று என்னைக் கட்டுப்படுத்தாது. முழுக்க வெளியே கிடப்பது என்றால், அதைக் கண்டெடுக்கும் வரை வாழ்வைத் தள்ளிப்போட நேரிடும். ஆண்டுக்கணக்கில் அப்படித் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் முன்னால் இருந்தது வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்ற கேள்வி இல்லை. நூல் குட்டையான ஒரு பேனாவும் நிரப்ப வேண்டிய ஒரு கோடும்தான் இருந்தன. அந்தச் சூழ்நிலையை நான் உருவாக்கவில்லை. என் தந்தை எனக்கு முக்கியமானவர் என்பதையும் அன்றைக்கு உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டில் எழுதும் கை என்னுடையதாகத்தான் இருக்க முடியும். இருத்தலியலாளர்களில் யாரோடு எவ்வளவு முரண்பட்டாலும், இந்தக் கையை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்று அவர்கள் காட்டியதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. எதிலும் பிடிப்பில்லை என்ற உணர்வு வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் போய், எழுந்து குளிப்பதே பாரமாகிவிட்டால், அப்போது தேவைப்படுவது புத்தகம் இல்லை, மருத்துவர். யாஸ்பர்ஸும் ஃபிராங்க்லும் மனநல மருத்துவத்தில் பயின்றவர்கள். அர்த்தத்தைப் பற்றிய ஐயம் தன்னளவில் நோயாகாது என்பதோடு, நோய் சில சமயம் ஐயத்தின் உடையை அணிந்து வரும் என்பதையும் அறிந்தவர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் 'அந்நியன்' நாவலைப் படியுங்கள். சிறிய நூல், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும், தத்துவச் சொல் ஒன்றுகூடத் தொண்டையில் சிக்காது. அடுத்து சார்த்தரின் 1945ஆம் ஆண்டு உரை, அதன் எளிமைப்படுத்தல்களைச் சந்தேகித்துக்கொண்டே. பிறகு ஃபிராங்க்லின் நூல், அதன்பின் 'கொள்ளைநோய்'. 'சிசிபஸின் தொன்மம்' நூலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படிப்பதில் தவறில்லை. கீர்க்கெகார்டில் 'அச்சமும் நடுக்கமும்' போதும். மகனைப் பலிகொடுக்க மலையேறும் ஆபிரகாமின் கதையை அவர் நான்கு விதமாக மாற்றி மாற்றிச் சொல்லும் தொடக்கப் பக்கங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். 'இரண்டாம் பாலினம்' பெரிய நூல், முன்னுரையைப் படித்துவிட்டு எந்த அத்தியாயத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். 700 பக்கங்களைத் தாண்டும் 'இருத்தலும் இன்மையும்' நூலில் தன்னேமாற்று பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, மீதியை நூலகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாலும் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. அந்த நாலு பேரைத் தவிர.